பெயரைக் கடைசியில் எழுது

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆன பிறகு, போன மாதம் என் வீட்டுப் பின்கட்டிலேயே என்மேல் ஒரு வனக்குற்றம் சுமத்தப்பட்டது. சுமத்தியது ஒரு செல்போன்.

வனத்துறையில் புதிதாகச் சேர்ந்த நந்தினியும் பிரவீனும் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். திருப்பாலைவனம் பக்கத்து வயல்களில் எந்த மாதம் எந்தப் பறவை வரும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போக வந்தவர்கள். டீ கொடுத்தேன். பின்கட்டில் தொங்கிய கூண்டில் பழுப்பு நிறக் குருவிகள் இரண்டு ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. பிரவீன் சும்மா இருக்காமல் போனை நீட்டிப் படம் எடுத்தான். போன் ஒரு கணம் சுற்றிவிட்டுப் பெயரைச் சொன்னது. அவன் முகம் மாறிவிட்டது.

“அக்கா, வெண்முதுகுச் சில்லைன்னு காட்டுது. காட்டுப் பறவையாச்சே. கூண்டுல வச்சா கேஸ் ஆயிடாது?”

நந்தினி அவன் காலை மிதித்தாள். எனக்கு வந்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்தப் போன் செய்த தப்பை, போன் இல்லாமலே நான் ஒருமுறை செய்திருக்கிறேன். ஒரு பெண்ணின் வேலையும் மானமும் அன்றைக்கு ஒரே சாயங்காலத்தில் போயிருக்கும். போகவில்லை. அந்த நிம்மதி எனக்கு இன்னும் தீரவில்லை.

நான் வேலைக்கு வந்தது நைனா, அதாவது என் அப்பா, இறந்த பிறகு. அவர் வனக்காவலராக இருந்து, பணிக்காலத்திலேயே காய்ச்சலில் போனார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது. பயிற்சியில் ஓடச் சொன்னார்கள், சல்யூட் அடிக்கச் சொன்னார்கள், தீயை அணைக்கச் சொன்னார்கள். பறவைக்கு என்று அரை நாள் ஒதுக்கினார்கள். அந்த அரை நாளையும் பூநாரையே தின்றுவிட்டது. பழவேற்காடு என்றாலே பூநாரை என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

எனக்கு வாய்த்த வனவர், அதாவது எங்களைப் போன்ற காப்பாளர்களுக்கு நேர் மேலதிகாரி, தணிகாசலம் சார். அவருக்குப் படகு என்றால் பயம். ஏரிக்கரையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு படகுக்குப் பயந்த மனிதர் அவர் ஒருவர்தான். “தண்ணி மேல நிக்கறதுக்கு நான் இன்னா கொக்கா?” என்பார். பூநாரை எண்ணப் போகும் நாள்களில் சொல்லிவைத்த மாதிரி அவருக்கு வயிற்றுவலி வரும். அதனால் ஏரியை மற்றவர்களிடம் விட்டுவிட்டு வயல் வரப்பையும் கோரைப் புல்லையும் சுற்றுவார். அங்கே இருப்பதெல்லாம் கைக்குள் அடங்கும் சின்னக் குருவிகள். தடித்த அலகால் புல்விதையும் நெல்லும் கொறிக்கிற அவற்றை வயல்காரர்கள் பொதுவாக நெல்லுக்குருவி என்பார்கள். எங்கள் பதிவேட்டில் சில்லை. பயம் போன வழியில் போய்த்தான் சார் சில்லைகளில் கெட்டிக்காரர் ஆனார்.

குரல் உயர்த்த மாட்டார். சட்டைப் பையில் பொட்டுக்கடலை வைத்திருப்பார். ஒன்றொன்றாக எடுத்து வாயில் போடுவார். நாம் ஒரு பறவையின் பெயரைச் சொன்னால், கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே, “எப்டித் தெரியும்?” என்று கேட்பார். சரியாகச் சொன்னாலும் அதே கேள்விதான். அவர் கீழே வேலை பார்த்த எவரும் அந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை.

நோட்டில் எழுதுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் அலகு, அப்புறம் தலை, முதுகு, வயிறு, வால், கால். அதற்குப் பிறகு அது என்ன செய்துகொண்டிருந்தது என்பது. பெயர் கடைசி வரியில். பெயரை முதலில் எழுதிவிட்டால் கண் அப்புறம் வேலை செய்யாது, பெயருக்குத் தோதாக எல்லாவற்றையும் பார்க்கும் என்பது அவர் கட்சி. எனக்கு அது வீண் வேலையாகப்பட்டது. தெரிந்த பறவைக்கு எதற்கு ஏழு வரி?

சேர்ந்த புதிதில் ஒரு நாள், அறுவடை முடிந்த வயலில் மண் நிறத்தில் நாலைந்து இளம் குருவிகள். “புள்ளிச் சில்லை சார்” என்றேன். புள்ளிச் சில்லைக்கு வளர்ந்த பிறகு வயிற்றில் செதில் செதிலாகக் கோடு விழும். கருந்தலைச் சில்லைக்குத் தலை கறுத்துவிடும். ஆனால் கூட்டை விட்டு வந்த புதிதில் இரண்டும் ஒரே மண் நிறம். பெற்றவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும். சார் “எப்டித் தெரியும்?” என்றார். என்னை வரப்பில் உட்கார வைத்துவிட்டு அவர் பொட்டுக்கடலை தின்றார். ஒரு மணி நேரம் வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசியில் பெரிய குருவி ஒன்று வந்து இளசுகளில் ஒன்றுக்கு ஊட்டியது. அதன் தலை கறுப்பு.

“அலகப் பாத்தியா? வெளுத்த நீலம். புள்ளியோட குஞ்சா இருந்தா இன்னும் கறுத்திருக்கும். அதுவும் தெரியலன்னா, ஊட்ட வர்றது யாருன்னு பாரு. பெத்தது பொய் சொல்லாது” என்றார்.

வருடங்கள் போகப் போக எனக்கும் கண் தேர்ந்தது. தேர்ந்தது என்றால், பறந்து போகும் குருவியின் முதுகைப் பார்த்தே பெயர் சொல்லும் அளவுக்கு. பின்பக்கம் வெள்ளை மின்னினால் வெண்முதுகுச் சில்லை. எங்கள் பக்கம் அது அபூர்வம். அதை நான் பார்த்துவிட்டால் அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியாது. கூட வேலை பார்த்தவர்கள் என்னை “முதுகு மேடம்” என்று கிண்டல் செய்தார்கள். அதையும் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

அந்த வருடம் வயல்களில் வலை விரித்துச் சில்லை பிடிக்கும் கும்பல் ஒன்று அலைந்தது. பிடித்த குருவிகளுக்குச் சாயம் அடித்துக் கலர் குருவி என்று விற்பார்கள். அந்தக் கும்பலை நாங்கள் பிடித்தோம். கூண்டில் இருந்த குருவிகளைப் பார்க்க முடியவில்லை. கம்பியில் மோதி மோதி நெற்றி தேய்ந்து, வால் இறகு முறிந்து கிடந்தன. பாதி செத்துவிட்டன. மீதியை நான்தான் தண்ணீர் காட்டித் தேற்றினேன். அந்த ஆத்திரம் ஆறாமல் இருந்தபோதுதான் கோட்டைக்குப்பத்திலிருந்து ஒரு போன் வந்தது. ஒரு பொம்பளை வீட்டில் சில்லை அடைத்து வைத்து விற்கிறாள் என்று.

ஒரு பெண்ணைப் பிடிக்கப் போவதால் பெண் காப்பாளர் வேண்டும். நானும் இன்னும் இரண்டு பேரும் காலையிலேயே ஜீப்பில் போனோம். அந்த வீட்டுக்காரி பெயர் ரெபேக்கா. நாற்பது வயது இருக்கும். பள்ளிக்கூடச் சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளர். கணவருக்கு இடுப்பில் அடிபட்டு வேலை இல்லை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. நாங்கள் போனபோது பள்ளிக்கூடம் கிளம்ப முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள்.

பின்புறம் பெரிய கம்பிக் கூண்டு. உள்ளே பக்கவாட்டில் படுக்கவைத்த சின்ன மண்பானைகள். இருபதுக்கு மேல் குருவிகள், எல்லாம் பழுப்பு. ஒன்று இந்தக் கம்பிலிருந்து அந்தக் கம்புக்குத் தாவியது. பின்பக்கம் வெள்ளை. எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

“இது காட்டுக் குருவி இல்ல மேடம். பெங்காலி. வூட்டுலயே குஞ்சு பொரிச்சது” என்றாள் ரெபேக்கா.

பெங்காலி என்பது தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே வளரும் வளர்ப்புக் குருவி. வெண்முதுகுச் சில்லைக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. அதை வளர்க்கத் தடை இல்லை. ஆனால் நான் கடைகளில் பார்த்த பெங்காலி எல்லாம் வெள்ளையாகவோ திட்டுத்திட்டாகவோ இருக்கும்.

“பெங்காலி வெள்ளையா இருக்கும். எனக்குத் தெரியும். யார் கிட்ட கதை வுடற?”

“ஐயோ, பானைய ஆட்டாதீங்க மேடம், அதுல...”

“நீ பேசாத.”

இந்த இரண்டு வார்த்தையை நான் எப்படிச் சொன்னேன் என்பது இன்றைக்கும் காதில் கேட்கிறது. அவள் வாயை மூடிக்கொண்டாள். கைப்பற்றியதை எழுதும் மகஜரில் முதல் வரியிலேயே ‘வெண்முதுகுச் சில்லை’ என்று எழுதினேன். போன் செய்த பக்கத்து வீட்டுக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட முந்திக்கொண்டு வந்தார். இரண்டு வீட்டுக்கும் சாக்கடைத் தண்ணீர்ச் சண்டை இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. தெருவே வேடிக்கை பார்க்கக் கூண்டையும் ரெபேக்காவையும் ஜீப்பில் ஏற்றினேன். வழியில் ரெபேக்காவின் போனுக்குப் பள்ளித் தலைமையாசிரியை கூப்பிட்டார், நான்தான் எடுத்தேன். ரெபேக்கா நாளைக்காவது வருவாளா, இல்லை வேறு ஆள் பார்க்க வேண்டுமா என்று கேட்டார். “வேற ஆள் பாத்துக்கங்க டீச்சர்” என்று சொன்னேன். ரெபேக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்தில் அவளை ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தோம். வனவர் கையெழுத்துப் போட்டால் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்திவிடலாம். ரிமாண்டு ஆகிவிட்டால் வேலையில் சஸ்பென்ஷன் நிச்சயம். எங்கள் பக்கம் வழக்கம் ஒன்று உண்டு. பிடிபட்ட பறவைகளை நீதிமன்ற உத்தரவு வாங்கி அன்றைக்கே பறக்கவிட்டு, போட்டோ எடுத்துக்கொள்வோம். வனவருக்கும் மேலதிகாரியான ரேஞ்சர் ஏற்கெனவே போட்டோவுக்குச் சொல்லிவிட்டார்.

தணிகாசலம் சார் பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது மூன்று மணி. மகஜரை வாங்கினார். கண்ணாடியைத் துடைத்தார். படித்தார்.

“பேர எடுத்தவொடன போட்டுக்கீற. இது இன்னா கல்யாணப் பத்திரிகையா? அடையாளம் எங்கம்மா?”

“பின்பக்கம் வெள்ளை சார். நானே பாத்தேன்.”

“நம்ம பக்கம் வருஷத்துல ஒண்ணு ரெண்டு கண்ணுல பட்டா சாமி கும்புடற நீ. இந்தம்மாவுக்கு இத்தினி எங்கருந்து கெடச்சுது?”

அந்தக் கணக்கு எனக்கும் உதைத்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை. “வலை போட்டிருப்பா சார்” என்றேன். அவர் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். கூண்டை மேசைமேல் வைக்கச் சொன்னார். ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் தள்ளினார். “எழுது. பேரு கடைசில.”

கூண்டுக்குள் கையை விட்டேன். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் கழுத்து வரும்படி, நெஞ்சை அழுத்தாமல் பிடிக்க வேண்டும். முதல் குருவி துள்ளவே இல்லை. கையில் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன். அலகு: மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி வெளுப்பு, ஓரத்தில் தோல் நிறத்தில் ஒரு திட்டு. முதுகு: வெள்ளை. வயிறு என்று எழுதப்போய் நின்றேன். எங்கள் வெண்முதுகுச் சில்லைக்கு மார்பு ஒரே அடர்ந்த பழுப்பு, வயிறு சுத்த வெள்ளை. இதற்கு வயிறு முழுக்க மெல்லிய செதில் கோடு. வால்: முனை அவ்வளவு கூர்மையாக இல்லை. அடுத்ததை எடுத்தேன். அதற்கு வலது காலில் ஒரே ஒரு நகம் வெளுத்திருந்தது. மூன்றாவதற்கு இடது இறக்கையில் ஓர் இறகு மட்டும் வெள்ளை, வலது பக்கம் இல்லை. காட்டுப் பறவைக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இருக்கும்.

வால் என்ற வரியில் இன்னொன்றும் உறைத்தது. ஒரு வாலும் முறியவில்லை. ஒரு நெற்றியும் தேயவில்லை. வலைக் குருவிகளைத் தேற்றிய கை என்னுடையது. அந்தக் கைக்கே இது காலையில் தெரியவில்லை.

“வெள்ளை இல்லாம, முழுப் பழுப்புல பெங்காலி வருமா சார்?” என்று கேட்டேன்.

“வரும்னு கேள்வி. நான் பாத்ததில்ல. எனக்கும் நிச்சயமாத் தெரியாது” என்றார் அவர். அந்தப் பதிலுக்கு நான் தயாராக இல்லை. தெரிந்தவர் என்று நான் நம்பிய ஒரே ஆளுக்கும் தெரியவில்லை. மணி நாலை நெருங்கியது. ரேஞ்சரிடமிருந்து போன். இன்னுமா கிளம்பவில்லை என்று கேட்டார் போலிருக்கிறது. சார் நிதானமாக, “குருவி இன்னும் பேரு சொல்லல சார்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அந்த நிசப்தத்தில்தான் அது கேட்டது. பானைக்குள்ளிருந்து கீச் கீச்சென்று சன்னமான சத்தம். ரெபேக்கா காலையில் சொல்ல வந்ததும் நான் வாயை அடைத்ததும் அப்போதுதான் புரிந்தது. சார் குனிந்து பானை வாய்க்கு நேராக முகத்தை வைத்தார். எங்கள் எல்லோர் மூச்சும் கூண்டில் படுகிற தூரம். ஒரு பழுப்புக் குருவி கம்பிலிருந்து இறங்கி, அவர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பானை விளிம்பில் நின்று, தலையை உள்ளே நீட்டி ஊட்டியது. வலையில் பிடித்த சில்லை ஆளைக் கண்டால் உயிரை விடுமே தவிர ஊட்டாது. நான் எட்டிப் பார்த்தேன். பாதி இறகு முளைத்த மூன்று குஞ்சுகள். இரண்டு பழுப்பு. ஒன்று வெள்ளைத் திட்டுப் போட்டது.

“பெத்தது பொய் சொல்லாது” என்று நானே சொல்லிவிட்டேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. பயத்தில் வந்த அழுகையா, நிம்மதியில் வந்ததா என்று தெரியவில்லை. நல்லவேளை, நல்லவேளை என்று வாய் முணுமுணுத்தது. காலையிலிருந்து அலைக்கழிந்தும் மூன்று குஞ்சும் உயிரோடு இருந்தன.

கடைசி வரியில் ‘பெங்காலி’ என்று எழுதினேன். பழைய மகஜரைக் கிழிக்கப் போனேன். சார் கையைப் பிடித்தார்.

“கிழிக்காத. பேரு மேல ஒரே ஒரு கோடு போடு. பக்கத்துல உன் கையெழுத்து. நீ இன்னா எழுதினன்னு படிக்கத் தெரியணும்.”

என் உத்தியோகத்தில் நான் போட்டதிலேயே கஷ்டமான கோடு அது. ரேஞ்சரிடம் அவரே பேசிக்கொண்டார். பேச்சில் “என் பொறுப்பு” என்ற வார்த்தை மட்டும் எனக்குக் கேட்டது. நான் தலைமையாசிரியைக்குப் போன் போட்டு, ஆள் தேட வேண்டாம், தப்பு எங்களுடையது என்று சொன்னேன்.

ஜீப்பில் ரெபேக்காவைக் கொண்டுபோய் விட்டேன். அதே தெரு, அதே கூட்டம். கூண்டை நானே தூக்கிக்கொண்டு இறங்கி, பக்கத்து வீட்டுக்காரர் காதிலும் விழும்படி, “இது வளர்ப்புக் குருவி. இந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னோடது” என்று சத்தமாகச் சொன்னேன். காக்கி உடுப்பில் நின்று இதைச் சொல்வது எளிதாக இல்லைதான். சொன்ன பிறகு உடம்பு லேசாகிவிட்டது. ரெபேக்கா நன்றி சொல்வாள் என்று முட்டாள்தனமாக எதிர்பார்த்தேன். அவள் முதலில் பானைக்குள் பார்த்தாள். அப்புறம் என்னை.

“இப்ப இம்மாம் சத்தமா சொல்றியே. காலைல மெதுவா ஒரு தபா கேட்டிருக்கலாம் இல்ல?”

மறுநாள் மத்தியானம் அந்தப் பள்ளிக்கூடப் பக்கம் வேலை இல்லாவிட்டாலும் போனேன். கையில் கரண்டியோடு வரிசைக்குச் சாதம் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, “காக்கில வந்து நிக்காத, புள்ளைங்க சாப்டாது” என்றாள். அதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதினால் நம்ப மாட்டீர்கள். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை நான் பெயரை மேலே எழுதியதே இல்லை.

ஓய்வுக்குப் பிறகு அவளிடம்தான் போய் இந்த ஜோடியைக் காசு கொடுத்து வாங்கினேன். முழுப் பழுப்பு ஜோடியாகத்தான் வேண்டும் என்று கேட்டேன். ரெபேக்கா சிரித்துக்கொண்டே, “இரு, சீட்டு எழுதித் தரேன். உன் ஆளுங்க ஒரு நாள் வந்து உன்னையே புடிப்பாங்க” என்று பள்ளிக்கூட நோட்டில் ஒரு தாள் கிழித்து எழுதினாள்.

இந்தக் கதையெல்லாம் முடிந்ததும் அலமாரியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துப் பிரவீனிடம் கொடுத்தேன். அவன் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, நந்தினிக்கும் கேட்கும்படி படித்தான். அன்றைக்கு அந்த ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள்.

“அலகு, மேல கறுப்பு கீழ வெளுப்பு. முதுகு வெள்ளை. வயிறு செதில் கோடு. வால் முறியல. ஆளப் பாத்தா பயப்படாது. பேரு பெங்காலி.”

அதற்குக் கீழே, கொஞ்சம் இடம் விட்டு, இன்னும் ஒரு வரி இருந்தது. அதைப் படிக்கும்போது அவன் குரல் தாழ்ந்துவிட்டது.

“வளக்கறவங்களையும் ஒரு வார்த்த கேக்கவும்.”